ஒளி உமிழும் புரதத் துணுக்குகள்

நம் இல்லங்களில் மாலை வேளைகளில் புகையும் சாம்பிராணிக்கு அரபு வணிகர்கள் இட்ட பெயர் 'லுபான் ஜாவி'. 'ஜாவாவின் நறும்பிசின்' என்பது அதன் பொருள். அக்கால அரபியர் சுமத்ராத் தீவையும் ஜாவா என்றே வழங்கினர். 14ஆம் நூற்றாண்டில் அத்தீவில் இறங்கிய இப்னு பதூதாவும் தம் பயண நூலில் இப்பிசினைக் குறிப்பிடுகிறார். இப்பெயர் ஐரோப்பியர் நாவில் ஏறியபோது அதன் முதலசையைத் தம் மொழிகளில் பெயருக்கு முன்வரும் சுட்டுச்சொல் எனக் கருதி அவர்கள் விட்டுவிட்டனர். எஞ்சிய பகுதி 'பென்சாயின்' எனத் திரிந்தது. அப்பிசினிலிருந்து பெற்ற அமிலம் பென்சாயிக் அமிலம் எனப்பட்டது. 1830களில் ஜெர்மானிய வேதியியலர் மிட்செர்லிக் அவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்த நீர்மம் பென்சீன் என்னும் பெயர் பெற்றது. அதே பொருளை மைக்கேல் ஃபாரடே 1825ஆம் ஆண்டிலேயே விளக்கெரிவாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து பிரித்திருந்தார். ஆயினும் நிலைத்தது சாம்பிராணியின் வழிவந்த அரபுப் பெயரே.

இச்சொல் வரலாற்றை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாம் ஈண்டு எழுதப்புகுவது அந்தப் பென்சீன் வளையம் உயிர்ப்பொருளினுள் செய்யும் ஒரு வேலையைப் பற்றியதாகும். பென்சீனில் ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்துள்ளன என்பதை 1865இல் கெகுலே எடுத்துரைத்தார். அவ்வளையத்தின் எலெக்ட்ரான்களில் ஆறு, எந்தத் தனிப் பிணைப்புக்கும் உரியனவாக இராமல், வளையம் முழுமைக்கும் பொதுவாகப் பரவி நிற்கின்றன. இத்தகைய வளையம் கொண்ட சேர்மங்களுக்கு 'அரோமேட்டிக்', அதாவது மணமுடையவை, என்று பெயர். அவற்றுள் பலவற்றுக்கு மணமே இல்லை என்பது வேறு செய்தி.

நம் உடலின் புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களுள் ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் ஆகிய மூன்றும் ஒளியை ஏற்கவும் உமிழவும் வல்ல அரோமேட்டிக் வளையங்களைத் தாங்கியவை. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த சரம் நீண்டிருந்தால் புரதம் என்கிறோம். சரம் குறுகியதாயின் பெப்டைடு என்கிறோம். இச்சரம் தன் விருப்பம்போல் எப்படியும் மடங்கிவிட முடியாது. எந்தெந்தக் கோணங்களில் அது திரும்ப இயலும், எவற்றில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு 1963இல் வரைபடமாக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஆவர். உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் தாம் கண்ட கட்டமைப்பு சரியா என்று இன்றும் அவ்வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கின்றனர்.

நம் கதை தொடங்கும் இடம் ஒரு நோய். 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியின் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்ட படிவுகளைப் பற்றி மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். அப்படிவுகளின் முதன்மைப் பொருள் பீட்டா அமிலாய்டு என்னும் பெப்டைடு என்பதை 1984இல் கிளென்னரும் வாங்கும் பிரித்துக் காட்டினர். நாற்பது அல்லது நாற்பத்திரண்டு அமினோ அமிலங்களால் ஆன இச்சரம் தன்போன்ற சரங்களோடு ஒட்டி நார்களாகத் திரள்கிறது. சரத்தின் எப்பகுதி அந்த ஒட்டுதலைத் தொடங்குகிறது என்று தேடியபோது பதினாறு முதல் இருபது வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்கள் கண்ணில் பட்டன. அவற்றின் கடைசி இரண்டும் ஃபினைல் அலனின்கள், அதாவது இரு பென்சீன் வளையங்கள். நோய் தொடர்பான வேறு பல திரள்புரதங்களிலும் ஒட்டும் பகுதியில் அரோமேட்டிக் வளையம் இருப்பதைக் கண்ட டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் எஹுத் காசித், வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குறுதலே திரட்சியை நெறிப்படுத்துகிறதோ என்னும் கருதுகோளை 2002இல் முன்வைத்தார்.

அதனைச் சோதிக்கும் வழி எளிது: முழுச் சரத்தையும் விட்டுவிட்டு அந்த இரண்டு ஃபினைல் அலனின்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது. மெய்த்தல் ரெக்கெஷும் காசித்தும் அதைத்தான் செய்தனர். இவ்விரட்டைத் துணுக்கை ஃபுளோரின் கலந்த ஓர் ஆல்கஹாலில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்னும் செறிவில் கரைத்து, பின் நீர் விட்டு 2 மில்லிகிராம் அளவுக்கு நீர்த்தனர். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தவை உருவமற்ற கட்டிகள் அல்ல. நீண்டு விறைத்த, உள்ளீடற்ற குழல்கள். குறுக்களவு 100 முதல் 150 நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறிது. அக்குழல்களுக்குள் வெள்ளி அயனிகளைச் செலுத்தி உலோகமாக்கினர். பின் புரதச் சுவரை நொதியால் செரிக்கவைத்தனர். எஞ்சியது ஏறக்குறைய 20 நானோமீட்டர் பருமனுள்ள வெள்ளிக் கம்பி. 2003இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இவ்வாய்வே இத்துறையின் வாயிலைத் திறந்தது. பெப்டைடு நுண்குழல் என்பது முன்பே அறியப்படாததன்று. கலிஃபோர்னியாவில் ரெஸா காதிரி குழுவினர் 1993இலேயே வளையப் பெப்டைடுகளை அடுக்கிக் குழல் செய்திருந்தனர். ஆனால் அவை திட்டமிட்டு வடித்த மூலக்கூறுகள். இங்கோ, இயற்கைச் சரமொன்றிலிருந்து கிள்ளியெடுத்த இரண்டே அமினோ அமிலங்கள் இவ்வளவையும் செய்தன.

இதனைத் 'தன்னமைவு' என்கின்றனர். சொல்லை மந்திரம்போல் கொள்ள வேண்டியதில்லை. ஈர்ப்பும் விலக்கமும் சேர்ந்து செய்யும் வேலை இது. துணுக்கின் முதுகெலும்புப் பகுதி ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் பெற்று நீரை நாடி நிற்கிறது. பென்சீன் வளையங்களோ எண்ணெய்போல் நீரை வெறுப்பவை. நீரை நாடுபவை உள்நோக்கியும் வளையங்கள் வெளிநோக்கியும் இருக்குமாறு ஆறு துணுக்குகள் கூடி ஒரு சுற்றாகின்றன. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நடுவில் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அகலமுள்ள, நீர் நிறைந்த கால்வாய் உருவாகிறது. அடுத்தடுத்த கால்வாய்களின் வெளிப்புறத்திலுள்ள வளையங்கள், இரு கைவிரல்களைக் கோத்ததுபோல், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்கின்றன. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹென்ரிக் கோர்பிட்ஸ் இவ்வமைப்பை 2001இல் படிகத்தில் கண்டு வெளியிட்டார். நுண்குழலின் அமைப்பும் அதுவே என்று 2006இல் காட்டினார். ஆகவே நுண்ணோக்கியில் தெரியும் ஒரு குழல் என்பது ஆயிரக்கணக்கான சிறு கால்வாய்களின் கட்டு. அதன் விறைப்பு ஏறத்தாழ 19 கிகாபாஸ்கல் என அளந்துள்ளனர். உயிர்சார்ந்த மென்பொருள்களில் இது வியப்பூட்டும் அளவு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இயல்பும் 2010இல் தெரியவந்தது. அவற்றை இங்கே விரிக்கவில்லை. நம் பொருள் ஒளி.

தனித்த ஃபினைல் அலனின் ஒளியைப் பொறுத்தவரை மிக எளியது. 257 நானோமீட்டர் அளவிலுள்ள புற ஊதாக் கதிரை ஏற்று, 282 நானோமீட்டரளவில், அதாவது மீண்டும் புற ஊதாவிலேயே, மங்கலாக உமிழ்கிறது. டைரோசின் 303 அளவிலும் டிரிப்டோஃபான் 350 அளவிலும் உமிழ்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400இல்தான் தொடங்குகிறது. ஏற்ற ஒளியினும் உமிழும் ஒளி நீண்ட அலையினதாயிருக்கும் என்பது 1852இல் ஸ்டோக்ஸ் கண்ட விதி. குயினைன் கரைசலில் வெயில் பட்டால் தோன்றும் நீலச் சாயலை ஆராய்ந்தே அவர் அதனை வகுத்தார். ஆகவே ஃபினைல் அலனினிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் வந்தது. டெல் அவிவின் அம்துர்ஸ்கி, ரோசன்மன், காசித் ஆகியோர் 2009இல் இந்நுண்குழல்கள் நீல ஒளியை உமிழ்வதாக அறிவித்தனர். அவர்கள் தந்த விளக்கம் குறைக்கடத்தி இயற்பியலிலிருந்து பெறப்பட்டது. எலெக்ட்ரான் ஒரு சில நானோமீட்டர் அளவேயுள்ள இடத்தில் அடைபட்டால் அதற்கு வாய்க்கும் ஆற்றல் நிலைகள் தொடர்ச்சியாக இராமல் படிக்கட்டுபோல் ஆகின்றன. இடத்தின் அளவு மாறினால் ஒளியின் நிறமும் மாறுகிறது. 'குவாண்டம் புள்ளிகள்' எனப்படும் காட்மியம் செலினைடுத் துகள்கள் இவ்விதிக்குச் சிறந்த சான்று. 2023இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு இவற்றுக்கே வழங்கப்பட்டது. பெற்ற மூவருள் முங்கி பவெண்டி துனீசியக் கணித அறிஞர் ஒருவரின் மகன். பெப்டைடுக் குழல்கள் ஒளியை ஏற்கும் வரைபடத்திலும் படிக்கட்டுபோன்ற வடிவம் தெரிந்தது. எனவே ஒளியை உண்டாக்குவது குவாண்டம் அடைப்பே என்று அவர்கள் கூறினர்.

இவ்விளக்கம் விரைவில் பரவியது. கவர்ச்சி என்னவென்பது தெளிவு: காட்மியம் நச்சு, பெப்டைடோ உடலில் செரியக்கூடியது. நச்சில்லாத குவாண்டம் புள்ளி என்றால் யார்தான் வேண்டாமென்பர்? ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்ட வேகத்திற்குச் சான்று ஈடுகொடுத்ததா என்பதை நாம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் தடை ஒரு பழைய விதியால் எழுகிறது. ஒரே வகை மூலக்கூறு எந்த அலைநீளத்தால் தூண்டப்பட்டாலும் தன் மிகத் தாழ்ந்த கிளர்நிலைக்கு இறங்கிய பின்னரே ஒளி உமிழும். ஆகையால் உமிழும் நிறம் மாறுவதில்லை என்பது 1950இல் காஷா கூறிய விதி. இத்தகைய பெப்டைடு அமைப்புகள் பலவற்றிலோ தூண்டும் ஒளியை மாற்றினால் உமிழும் நிறமும் கூடவே நகர்கிறது. ஒளிர்பவை ஒருவகையல்ல, பலவகை என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. ஒரே அளவில் அடைபட்ட எலெக்ட்ரான் என்னும் விளக்கம் இங்கே இறுக்கமான சட்டைபோல் ஆகிறது.

இரண்டாவது தடை இன்னும் வலுவானது. பென்சீன் வளையம் இல்லாமலே இவ்வொளி வருகிறது! சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் பூர்ணானந்த குப்தசர்மா குழுவினர், டெல் அவிவ் அறிவிப்புக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 2004இல், புரதப் படிகங்களும் திரட்சிகளும் புற ஊதா லேசர் பட்டு நீல ஒளி விடுவதை எழுதினர். ஹைட்ரஜன் பிணைப்புகளின் வழியே முதுகெலும்பின் எலெக்ட்ரான்கள் பரவுவது காரணமாகலாம் என்றனர். அக்கட்டுரையின் தலைப்பே வினாக்குறியில் முடிகிறது. இது வெறும் ஒளிச்சிதறலின் பிழைதானோ என்று தம்மையே அவர்கள் கேட்டுக்கொண்டனர். அந்த நிதானம் பின்வந்த எல்லாரிடமும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அவ்வினாவை எடுத்துச் சென்றவர்கள் கேம்பிரிட்ஜின் கமின்ஸ்கி குழுவினரும், இத்தாலியின் திரியெஸ்தேயிலுள்ள அப்துஸ் ஸலாம் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் அலி ஹஸனலியும் ஆவர். அமிலாய்டு நார்கள் திரளும்போதே தமக்குரிய ஒளிர்வைப் பெறுகின்றன என்று 2013இல் கேம்பிரிட்ஜில் காட்டினர். 2021இல் இரு தரப்பாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு நம் கருத்தில் திருப்புமுனை. அவர்கள் எடுத்துக்கொண்டது குளூட்டமின் என்னும், அரோமேட்டிக் வளையமே இல்லாத அமினோ அமிலம். அதன் கரைசலைச் சூடாக்கியபோது வேறோர் அமைப்பாக மாறி ஒளிரத் தொடங்கியது. அந்த அமைப்பில் வழக்கத்தினும் மிகக் குட்டையான ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தது. கணக்கீடுகள் தந்த விளக்கம் இது: கிளர்ச்சியுற்ற மூலக்கூறு பொதுவாகத் தன் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பை நீட்டியும் வளைத்தும் ஒளியின்றியே ஆற்றலை இழந்துவிடும். குட்டையான, வலிய ஹைட்ரஜன் பிணைப்பு அந்த அசைவைப் பிடித்துவைக்கிறது. ஒளியற்ற வழி அடைபடவே ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. அதாவது எலெக்ட்ரான் சிறைப்பட்டதால் அன்று, அணுக்கள் கட்டுண்டதால் ஒளி பிறக்கிறது.

அப்படியாயின் நம் இரட்டை ஃபினைல் அலனினில் வளையத்திற்கு வேலையில்லையா? உண்டு; ஆனால் அது மறைமுகமானது என்று நினைக்கிறோம். வளையங்கள் பூட்டிக்கொள்வதால்தான் துணுக்குகள் இவ்வளவு நெருக்கமாக, நெகிழ்ச்சியின்றி அடுக்குறுகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகுகின்றன. இதனோடு பொருந்தும் செய்தி ஒன்று டெல் அவிவிலிருந்தே கிடைத்தது. இந்நுண்குழல்களை 140, 150 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் ஒவ்வொரு துணுக்கும் நீர் மூலக்கூறொன்றை இழந்து தன் இரு முனைகளையும் இணைத்து வளையமாக மூடிக்கொள்கிறது. அறுகோணக் குழல் அமைப்பு குலைந்து நார் அமைப்பாகிறது. அப்பொழுதுதான் நீலமும் பச்சையுமான ஒளி ஓங்குகிறது. அவ்வாறாயின் முந்தைய அறிக்கைகளின் ஒளியில் எவ்வளவு குழலுடையது, எவ்வளவு மாறிய பொருளுடையது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

மூன்றாவது ஐயம் வேதியியலர் எழுப்புவது. டைரோசின் ஆக்சிஜனேற்றத்தால் இரட்டித்தால் 400 நானோமீட்டரைத் தாண்டி நீலமாக ஒளிரும். டிரிப்டோஃபான் ஆக்சிஜனேற்றமுற்றாலும் அவ்வாறே. நெடுநேரம் புற ஊதாக் கதிர்பட்ட மாதிரியில் இத்தகைய மாற்றம் சிறிதளவு இருப்பினும் போதும். கருவி அதனையே பெரிதாகக் காட்டும். தூய்மையைச் சோதிக்காத ஒளிர்வு அளவீட்டை ஐயத்துடன் நோக்குவதே முறை. நம் கணிப்பில், ஒரே காரணம் எல்லாவற்றையும் விளக்காது. டிரிப்டோஃபான் கொண்ட சில அமைப்புகளில் வளையங்களின் நேரடி அடுக்கு முதன்மையாகலாம். ஃபினைல் அலனினில் ஹைட்ரஜன் பிணைப்பு முதன்மையாகலாம். 'குவாண்டம் அடைப்பு' என்னும் சொல்லை இப்பொழுதைக்கு உவமையாகக் கொள்ளலாமேயன்றி நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ளலாகாது.

காரணம் எதுவாயினும் ஒளியைப் பயன்கொள்ளும் முயற்சிகள் நிற்கவில்லை. பெய்ஜிங்கில் யான் முதலியோர் 2011இல் இப்பெப்டைடின் நுண்குழாய்களைக் கண்ணாடி இழைபோல் ஒளியைக் கடத்தவைத்தனர். டி.என்.ஏ.யின் எழுத்துகளான குவானினையும் சைட்டோசினையும் பெப்டைடு முதுகெலும்பில் கோத்த இரட்டைத் துணுக்குகளைக் கொண்டு காசித் குழுவினர் 2015இல் ஒளியுமிழும் மின்கருவியொன்றைச் செய்து காட்டினர். 2016இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிரிப்டோஃபானையும் ஃபினைல் அலனினையும் இணைத்து, துத்தநாக அயனிகள் சேர்த்துச் செய்த நுண்துகள்கள் புற ஊதாவிலிருந்து நகர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியை உமிழ்ந்தன. புற்றுநோய் உயிரணுக்களைத் தேடிச்சென்று ஒட்டவும், ஏற்றிவந்த மருந்து வெளியேறுவதை ஒளியின் மாற்றத்தால் காட்டவும் அவை பயன்படும் என ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தனர். 2018இல் டிரிப்டோஃபான் கொண்ட வளைய இரட்டைப் பெப்டைடுகள் அகச்சிவப்பின் எல்லை வரை உமிழுமாறு இசைவிக்கப்பட்டன.

ஆனால் உடலுக்குள் செலுத்துவது என்று வரும்போது ஒரு கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. நோயின் நடுப்பகுதியிலிருந்து கிள்ளிய துணுக்கு இது. அது தீங்கற்றது என்று எப்படி உறுதி கொள்வது? 'பெப்டைடு ஆகையால் உடலுக்கு உகந்தது' என்னும் வாக்கியம் இத்துறைக் கட்டுரைகளின் முன்னுரைகளில் அடிக்கடி தென்படுகிறது. அதற்கு மறுப்பான சான்று இதே காசித்தின் ஆய்வுக்கூடத்திலிருந்தே 2012இல் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஃபினைல் அலனின் பெப்டைடாகக் கோக்கப்படாமல் தனி அமினோ அமிலமாகவே, லிட்டருக்குச் சில மில்லிமோல் செறிவில், அமிலாய்டு போன்ற நார்களாகத் திரள்கிறது; அந்நார்கள் உயிரணுக்களைக் கொல்கின்றன. செயற்கை இனிப்புப் பானங்களின் புட்டியில் 'ஃபினைல்கீட்டோனூரியா உடையோர் அருந்தலாகாது' என்னும் எச்சரிக்கையைப் பலரும் பார்த்திருப்போம். அந்தப் பிறவிக் குறையுடைய குழந்தைகளின் உடல் ஃபினைல் அலனினைச் சிதைக்க இயலாது. கவனியாவிடின் மூளை வளர்ச்சி குன்றும். அந்நோயாளிகளின் மூளைத் திசுவிலும், நோயுள்ள சுண்டெலிகளின் மூளையிலும் இந்நார்களின் படிவு காணப்பட்டதாக அவ்வாய்வு கூறுகிறது. குழலாக அமைந்து விறைத்தால் கருவி, நாராகத் திரண்டால் நஞ்சு. இரண்டுக்கும் இடையே செறிவும் சூழலும் மட்டுமே வேறுபாடு.

நோயைக் காண்பதற்கு இவ்வொளி உதவுமா என்பது எஞ்சியுள்ள வினா. அமிலாய்டைத் தேடுவோர் இதுவரை சாயங்களையே நம்பிவந்துள்ளனர்: 1920களிலிருந்து காங்கோ சிவப்பு, 1959க்குப் பின் தையோஃபிளேவின். சாயம் ஒட்டுவதே திரட்சியின் போக்கைச் சற்று மாற்றிவிடக்கூடும். சாயமின்றித் தானே ஒளிரும் நார் என்றால், திரட்சியைத் தடுக்கும் மருந்துகளைச் சோதனைக் குழாயில் ஒப்பிடுவது எளிதாகும். அப்பணிக்கு இவ்வொளி இன்றே தகும். உயிருள்ள மூளையில் காண்பது வேறு. தூண்ட வேண்டிய புற ஊதாக் கதிர் மண்டையோட்டைக் கடப்பதில்லை. தோலைக்கூட முழுதும் கடப்பதில்லை. வரும் நீல ஒளியோ, உயிரணுக்கள் அனைத்திலும் உள்ள என்.ஏ.டி.எச். என்னும் துணைநொதி 460 நானோமீட்டரளவில் உமிழும் ஒளியோடு கலந்துவிடும். முதுமையில் நரம்பணுக்களில் சேரும் லிப்போஃபுஸ்சின் என்னும் நிறப்பொருளும் தன் பங்குக்கு ஒளிரும். எது நோயின் ஒளி, எது வயதின் ஒளி என்று பிரிக்க, உமிழ்வு எத்தனை நானோநொடிகள் நீடிக்கிறது என்பதை அளந்து பார்க்கின்றனர். கேம்பிரிட்ஜ் குழுவினர் திரட்சியைப் பின்தொடர்வதும் இந்த ஆயுட்கால அளவீட்டைக் கொண்டே.